குளச்சலில் ஒரு பாய்ப்படகை இறக்கியபோது

நாகர்கோவிலில் இருந்துகொண்டு பாய்ப்படகு வாங்கப்போகிறேன் என்றதும் வீட்டில் வந்த முதல் கேள்வி, "அத எங்க கெட்டிப் போடுவ?" நியாயமான கேள்விதான். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் எல்லாமே மீன்பிடித் துறைமுகங்கள். பாய்ப்படகுகளைக் கட்டிப்போடும் துறை, அதாவது மரினா வேண்டுமென்றால் கொச்சி போல்காட்டிக்குப் போகவேண்டும். அதனால் கீலை (படகின் அடியில் நீருக்குள் நீட்டியிருக்கும் தகடு) மேலே தூக்கிக்கொள்ளும் வகையில் 22 அடி பழைய படகாகப் பார்த்து வாங்கி, டிரெய்லரிலேயே கொண்டுவந்து குளச்சலில் ஒரு தென்னந்தோப்பில் நிறுத்தினேன். தரையில் கிடக்கிற படகில் பாசியும் சிப்பியும் ஒட்டாது. அதற்கென்று பூசும் விலைகூடிய பெயிண்டும் மிச்சம்.

வாங்கும்போது விற்பனைப் பத்திரத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் படகின் எண்ணும் படகில் இருப்பவற்றோடு பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படகின் உடம்பு எப்படி என்று தட்டிப் பார்த்தால் தெரியும்.

தட்டிப் பார்த்தது நானல்ல, வள்ளங்களுக்குப் பைபர் வேலை செய்யும் ஒரு அண்ணாச்சி. பிளாஸ்டிக் சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தவர், பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகள் மாட்டியிருந்த இடத்தில் நின்றார். "மக்கா, இங்க சத்தம் மாறுது பாத்தியா?" டொக் டொக் என்று வந்தது அங்கே பொத் என்றது. தளத்தின் இரண்டு பைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரம் இருக்கும். போல்ட் துளை வழியாக நீர் இறங்கி அது ஊறிப்போயிருந்தது. மேல் அடுக்கை வெட்டி எடுத்தால் உள்ளே ஊறின ரஸ்க் மாதிரி பால்சா. அதைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, புது மரம் வைத்து எபாக்சி என்ற இறுகும் பசையால் மூடினார். அதற்கப்புறம் செய்ததுதான் முக்கியம். போல்ட் துளைகளைத் தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, கெட்டியான எபாக்சியால் அடைத்து, அது இறுகியபின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைபோட்டார். இனி நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. வெயில் ஏறினால் கலவை டப்பாவிலேயே சூடாகி இறுகிவிடும் என்பதால் வேலையெல்லாம் விடியற்காலையில், கொஞ்சங் கொஞ்சமாகக் கலந்துதான்.

பக்கக் கம்பிகளுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. பஞ்சை வைத்துக் கம்பி நெடுகத் தடவுங்கள். இழை அறுந்திருந்தால் பஞ்சு சிக்கும். எனக்குச் சிக்கியது. ஒன்று போனால் மற்றதுக்கும் அதே வயசுதானே, எல்லாவற்றையும் மாற்றினேன். மொத்தச் செலவில் வலித்தது இதுதான்.

படகு தயாரானபின்னும் கடல் தயாராகவில்லை. கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பேச்சே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி வந்தது இந்தக் கரையில் யாருக்கும் மறக்காது. தை பிறந்து, காலையில் கரைக்காற்றும் மதியத்துக்கு மேல் கடற்காற்றும் நிலைப்பட்ட பிறகே இறக்கினோம். காற்று மட்டும் பார்த்தால் போதாது. தெற்கே வெகுதூரத்தில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடலாக ஏறும். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அதற்குத் தனி எச்சரிக்கை தருகிறது. அதைப் பார்க்காமல் டிரெய்லரை அசைக்கக்கூட மாட்டேன்.

துறைமுகத்தில் முன்கூட்டிக் கேட்டு, விசைப்படகுகள் வந்துபோகாத நேரத்தில் சாய்தளத்தில் இறக்கினோம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கடலோரக் காவல் நிலையத்திலும் சொன்னோம். அவர்களின் உதவி எண் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டும் படகிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. முதல் ஓட்டம் முட்டம் கலங்கரை விளக்கம் தெரிகிற பக்கமாக. கரையிலிருந்து கரமடி வலை இழுப்பவர்களுக்கும் வலைக்கொடிகளுக்கும் ஒதுங்கியே போகவேண்டும். வலை அவர்கள் பிழைப்பு, நமக்குக் கீல் சிக்கும். இருட்டினால் கொடி தெரியாது, அதனால் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுவோம்.

கரையேறியதும் முதல் வேலை டிரெய்லர் சக்கரங்களை நல்ல தண்ணீரில் கழுவுவது. பேரிங்குக்குள் உப்புநீர் புகுந்தால் அடுத்த தடவை நடுரோட்டில் நிற்கவேண்டியதுதான். கிரீஸ் டப்பா எப்போதும் வண்டியில் கிடக்கிறது.