கால் சுற்றுக்கு ஒரே ஒரு கேமரா

2022 பிப்ரவரி 10 அன்று பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜப்பானின் யுசுரு ஹன்யு நான்கரைச் சுற்று ஆக்ஸல் (முன்னோக்கிக் கிளம்பும் தாவல்) தாவி விழுந்த காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேனோ, கணக்கில்லை. விழுந்தது எல்லோருக்கும் தெரிந்தது. நான் தேடியது வேறு. வலது கால் ஐஸைத் தொட்ட கணத்தில் பிளேடு எந்தப் பக்கம் பார்த்தது, அதாவது காற்றிலேயே சுற்று முழுதாக முடிந்ததா? யூடியூபில் நிறுத்தி, முற்றுப்புள்ளி விசையைத் தட்டித் தட்டி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துவேன். சுற்று குறைவு என்றுதான் தீர்ப்பு வந்தது. எனக்கும் அப்படித்தான் பட்டது. 12.50 புள்ளித் தாவலின் அடிப்படை மதிப்பு 10.00 ஆனது. விழுந்ததற்கான கழிவு தனி.

சரியாகக் கால் சுற்று (நான்கில் ஒரு பங்கு) குறைந்தால் மதிப்பெண் தாளில் 'க்யூ' என்று போடுவார்கள். அடிப்படை மதிப்பு அப்படியே இருக்கும், தாவலின் நேர்த்திக்குத் தரும் தரப் புள்ளியில்தான் அடி. கால் சுற்றுக்கு மேல், அரைக்குக் கீழ் என்றால் அடிப்படை மதிப்பில் 80 சதவீதம்தான். அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால் ஒரு சுற்று குறைவான தாவலாகவே எண்ணுவார்கள். 2010 வரை இந்த நடுப்படியே கிடையாது. கால் சுற்றுக்கு மேல் குறைந்த மூன்று சுற்றுத் தாவலுக்கு இரண்டு சுற்றின் மதிப்புதான். எத்தனை பேர் அதில் நொந்திருப்பார்கள்!

நான்கு சுற்றுத் தாவலில் காற்றில் இருப்பது ஏறக்குறைய 0.7 நொடி. அப்படியானால் கால் சுற்றுக்கு 0.04 நொடிதான். நான் பார்க்கிற வீடியோவில் அது ஒன்றரை ஃபிரேம்கூட இல்லை.

ஒருமுறை தூரத்து மூலையில் இறங்கிய ஒரு லட்ஸ் தாவலை (பின்னோக்கிக் கிளம்பும் தாவல் வகைகளில் ஒன்று) முழுச் சுற்று என்று நண்பரிடம் அடித்துச் சொன்னேன். அப்புறம் எதிர்ப்பக்க இருக்கையிலிருந்து யாரோ எடுத்த வீடியோ கிடைத்தது. பிளேடின் முன்முனை தொட்ட பிறகு, மீதிச் சுற்றை ஐஸ் மேலேயே கொக்கி போலத் திருப்பி முடித்திருந்தார். எனக்குப் பகீரென்றது.

சுற்று முழுதா குறைவா என்று தீர்மானிக்கும் தொழில்நுட்பக் குழுவின் மூவரும் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஒரே கேமராவின் காட்சியை வைத்துத்தான் முடிவு சொல்லியிருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் ஸ்கேட்டருக்குச் சாதகம் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் அதே குறை கேமராவுக்கு நேரே நடந்தால் தண்டனை, எதிர் மூலையில் நடந்தால் சாதகம் என்றாகிவிடுகிறது. அந்த எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கேமராவை வைத்து, இரண்டு காட்சிகளையும் அந்த மூவருக்கும் கொடுங்கள்.