நீலம் போட்ட தண்ணீர்

எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகளில் அந்த ஏரி இருக்கிறது. ஒரு வீட்டில் ஹோலுக்குள் சட்டம் போட்டு, அடுத்ததில் டிவிக்கு மேலே, சந்தி வீட்டில் கதவுக்குப் பின்னால் கலண்டரோடு சேர்த்து. பின்னால் பனி படிந்த மலைகள், நடுவில் நம்பமுடியாத நீலத்தில் தண்ணீர், முன்னால் குளிர்ச்சட்டை போட்ட மகனோ மருமகளோ. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்துகொண்டே அந்த ஏரியை நான் இருபது வருடமாகப் பார்த்துவிட்டேன். அதன் பேர்தான் தெரியாது.

கடந்த ஜூலையில் நானும் அம்மாவும் கனடாவில், கல்கரியில் இருக்கும் அக்காவிடம் போயிருந்தோம். அங்கே கோடையில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. சாமி விளக்கை எத்தனை மணிக்கு ஏற்றுவது என்ற குழப்பத்திலேயே அம்மாவின் முதல் வாரம் போய்விட்டது. இரண்டாவது வாரம் அத்தான் கேட்டார்: "மாமி, மொரைன் லேக் பார்க்கப் போவமோ?"

"தண்ணி பார்க்கவோ? அதுக்கு எவ்வளவு தூரம்?"

"போக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல."

"வீட்டில கிணறு கிடக்கு, மருமகன்."

அம்மா பகிடிக்குச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக்காரருக்கு மலையும் இல்லை, ஏரியும் இல்லை. சொற்கள் மட்டும் கைவசம் இருக்கின்றன. கீரிமலை என்று ஒரு ஊர் வைத்திருக்கிறோம். அங்கே போனால் மலையைத் தேடக்கூடாது, கேணியில் இறங்கிக் குளித்துவிட்டு வரவேண்டும். நல்லூரில் யமுனா ஏரி இருக்கிறது. அரச காலத்துப் பகர வடிவக் கேணி அது, சுற்றி வரப் பத்து நிமிடம் ஆகாது. மற்றபடி ஏரி என்றால் கடல்நீரேரி, அதாவது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் எங்களுக்குக் கண்ணில் படாத பொருள். சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது, மோட்டரைப் போட்டால் வருகிறது. அதிகம் இறைத்தால் உவர் ஏறும் என்று பயந்து பயந்து இறைக்கிறோம்.

சரி, போவதென்று முடிவாயிற்று. அப்போதுதான் தெரிந்தது, அந்த ஏரிக்கு நினைத்தபடி காரை எடுத்துக்கொண்டு போக முடியாது என்று. 2023 முதல் மொரைன் லேக் வீதியில் சொந்த வாகனங்களுக்கு அனுமதி இல்லை. முன்பெல்லாம் விடிய முன்னமே வாகனத் தரிப்பிடம் நிரம்பிவிடுமாம். இப்போது ஷட்டில் பஸ்ஸில் போகவேண்டும், அல்லது அனுமதி பெற்ற சுற்றுலா வாகனத்தில். ஷட்டிலுக்கு இடம் பிடிப்பது தனி வித்தை. ஒரு பகுதி ஏப்ரலிலேயே போய்விடும். மிச்சத்தைப் பயண நாளுக்கு இரண்டு நாள் முன்பு காலை எட்டு மணிக்குத் திறந்துவிடுவார்கள். அக்கா மடிக்கணினியிலும் அத்தான் கைப்பேசியிலும் எட்டு மணிக்குக் காத்திருந்தார்கள். எங்களுக்கு வேண்டிய நேரத்துக்கு நாலு இருக்கை சேர்ந்து கிடைக்கவில்லை. அம்மா பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி கேட்டார், "நல்லூர்த் திருவிழாவுக்கு றோட்டை மறிக்கிற மாதிரியோ?"

அதேதான். இருபத்தைந்து நாள் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், நாங்களும் முறுமுறுத்துக்கொண்டு நடப்போம். அந்த நடை இல்லாவிட்டால் திருவிழா திருவிழாவாக இராது என்பது பிறகுதான் தெரியும். சொந்தக் காரில் போக முடியாதென்று குறைப்பட்ட சிலரை அங்கே கண்டேன். என் கட்சி அம்மாவின் கட்சி. மறித்தது சரி.

கடைசியில் வழிகாட்டியோடு போகும் ஒரு நாள் சுற்றுலாவில் இடம் எடுத்தோம். காலை ஆறரைக்கு ஒரு கடைத்தொகுதி வாசலில் நிற்கச் சொன்னார்கள். நின்றோம். சுற்றுலா வான் ஏழு மணி தாண்டித்தான் வந்தது. "கனடாவிலயும் இப்பிடியோ" என்று அம்மா உண்மையான ஆறுதலோடு சொன்னார். என் இருக்கை பின் சில்லுக்கு மேலே இருந்தது. முழங்கால் நாடிக்கு வர இருக்கவேண்டும். வழிகாட்டி இளம் பெண். நல்ல குரல், விடாத கதை. அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன், அம்மா எதிர்க்கேள்வி கேட்டார், நான் அதை ஆங்கிலத்தில் அனுப்பினேன். பாதி வழியில் எங்கள் மூன்று பேருக்கும் தனி வான் போலாகிவிட்டது.

நெடுஞ்சாலை மேற்கே போகிறது. ஒரு மணித்தியாலம் வரை புல்வெளி, பிறகு திடீரென்று எதிரே மலைகள். பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்ததும் வீதியின் இரண்டு பக்கமும் உயரமான வேலி. வீதிக்கு மேலாகப் பாலங்கள் வந்தன, அவற்றில் மரங்கள் வளர்ந்திருந்தன. அவை மனிதருக்கானவை அல்ல. கரடி, ஓநாய், மான் எல்லாம் வாகனத்தில் அடிபடாமல் கடக்கக் கட்டியவை. மேலாக ஆறு, கீழாகச் சுரங்கப் பாதை போல இன்னும் பல. முதலில் மிருகங்கள் நம்பாமல் நின்று, பிறகு வருடக்கணக்கில் பழகிக்கொண்டன என்றார் வழிகாட்டி. அம்மா ஜன்னலால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியில் இரவு பஸ்ஸில் வந்தவர்களுக்கு, நடுறோட்டில் படுத்திருக்கும் மாடுகளைத் தெரியும். "உதில ஒண்டை மாங்குளத்தில கட்டினால் புண்ணியம்" என்றார்.

பூங்கா 1885இல் தொடங்கியது, கனடாவின் முதலாவது தேசியப் பூங்கா. லேக் லூயிஸில் முதலில் ஒரு மணித்தியாலம் இறக்கிவிட்டார்கள். அதுவும் பெரிய ஏரிதான், வடிவுதான். ஆனால் கரையில் ஒரு பிரமாண்ட ஹோட்டலும், படம் எடுக்க வரிசையும், வரிசைக்குள் வரிசையும். விக்டோரியா மகாராணியின் மகள் லூயிஸின் பேரை அந்த ஏரிக்கு வைத்திருக்கிறார்கள். அல்பேர்ட்டா என்ற மாகாணப் பேரும் அவரது முழுப்பேரில் உள்ளதுதான். அம்மா கழிவறை வரிசையில் நின்றதில் எங்களுடைய ஒரு மணித்தியாலத்தில் பாதி போயிற்று. அதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அங்கிருந்து மொரைன் லேக் 14 கிலோமீற்றர். தடை போட்டு மறித்த வீதியில் எங்களை மட்டும் பார்த்து உள்ளே விட்டார்கள். அந்த நிமிடம் வானுக்குள் எல்லோருக்கும் ஒரு சின்னப் பெருமை வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். வீதி ஏறிக்கொண்டே போகும். ஜூன் தொடக்கத்திலிருந்து ஒக்டோபர் நடு வரைக்கும்தான் திறந்திருக்கும், மற்ற நாளெல்லாம் பனிச்சரிவுப் பயம்.

இறங்க முன் வழிகாட்டி சட்டங்களைச் சொன்னார். இரண்டு மணித்தியாலம். சாப்பாட்டை எங்கேயும் வைத்துவிட்டுப் போகக்கூடாது, கரடிக்கு மணக்கும். மிருகங்களுக்கு எதுவும் கொடுக்கக்கூடாது, தண்டம் 25,000 டொலர் வரை போகும். அக்காவின் பையில் புட்டும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் முட்டைப்பொரியலும் இருந்தன. வானுக்குள் அது ஏற்கனவே எல்லோருக்கும் மணந்துகொண்டுதான் இருந்தது. அத்தான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

அப்புறம் ஏரி.

நான் அந்தப் படத்தை நம்பியதே இல்லை. கலண்டர் அச்சடிக்கிறவன் நிறத்தைக் கூட்டியிருப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். கூட்டவில்லை, உண்மையில் குறைத்திருக்கிறான். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "உதென்ன பிள்ளை, நீலம் போட்டு அலசின வாளித் தண்ணி மாதிரிக் கிடக்கு."

எனக்கு அதைவிட நல்ல உவமை இன்றுவரை கிடைக்கவில்லை. அப்பாவின் வேட்டியை அலசும் கடைசி வாளியில் இரண்டு சொட்டு நீலம் விட்டுக் கலக்கும்போது, முதல் சுற்றில் ஒரு நீலம் வருமே, அதுதான்.

ஏன் அந்த நிறம் என்று கேட்டார் அம்மா. வழிகாட்டி சொன்னதை நான் அம்மி, குழவிக் கதையாக மாற்றிச் சொன்னேன். மலைக்கு மேல் இருக்கும் பனிப்பாறை அசையாமல் கிடப்பதில்லை, மெல்ல மெல்லக் கீழே நகர்கிறது. அதன் அடியில் கற்கள் ஒட்டியிருக்கும். அவை மலையை அரைத்துக்கொண்டே வரும், குழவி அம்மியை அரைப்பதுபோல. அரைபட்ட கல் மாவாகி, உருகும் தண்ணீரோடு ஏரிக்கு வருகிறது. மாவிலும் மெல்லிய தூள் அது. அடியில் படியாமல் தண்ணீருக்குள்ளேயே மிதந்து நிற்கிறது. வெயில் படும்போது அந்தத் தூள் நீலத்தையும் பச்சையையும் சிதறி எங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது.

"அப்ப மா கரைச்ச தண்ணி வெள்ளையா அல்லோ இருக்கவேணும்?"

இந்தக் கேள்வியை வழிகாட்டியிடம் கொண்டுபோனபோது அவர் மகிழ்ந்துபோனார். பனிப்பாறையிலிருந்து இறங்கும் ஓடைகள் அரிசி கழுவின தண்ணீர் போலத்தான் கலங்கி வருமாம். ஏரிக்கு வந்து ஓட்டம் அடங்கியதும் பெருந்துகள் அடியில் தங்கிவிடும், மெல்லியது மட்டும் மேலே நிற்கும், அப்போதுதான் நீலம். ஆனி கடைசியிலும் ஆடியிலும் பனி நன்றாக உருகி ஏரி நிரம்பும். அப்போது வந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஜூன் தொடக்கத்தில் வந்தால் பாதி ஏரியும் மிச்சம் பனியும்தான்.

ஏரி 1,884 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு பேருக்குப் பேர்போன ஏரி, பரப்பில் அரைச் சதுர கிலோமீற்றர்தான். அதைச் சுற்றிப் பத்துச் சிகரங்கள் நிற்கின்றன. 1890களில் சாமுவேல் அலன் என்பவர் இவற்றுக்கு அந்த மண்ணின் மக்களான ஸ்டோனி நக்கோடா மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களையே பேராக வைத்தார். பிறகு வந்தவர்கள் பெரும்பாலானவற்றை மாற்றி ஆட்களின் பேரை வைத்துவிட்டார்கள். நாலும் ஒன்பதும் பத்தும் மட்டும் தப்பியிருக்கின்றன. வென்க்செம்னா என்றால் பத்து. அத்தான் புங்குடுதீவார், ஊரின் பகுதிகளை வட்டார எண்ணால் சொல்கிறவர்கள். "அப்ப இது பத்தாம் வட்டாரம்" என்றார் உடனே. இனி எங்கள் குடும்பத்தில் அந்த மலைக்கு அதுதான் பேர்.

ஏரியின் பேரிலும் ஒரு பிழை இருக்கிறது. 1899இல் வோல்டர் வில்கொக்ஸ் அதற்குப் பேர் வைத்தபோது, வாய்ப்பக்கத்தில் குவிந்து கிடக்கும் கற்குவியலைப் பனிப்பாறை தள்ளிக்கொண்டுவந்து போட்டதென்று நினைத்தார். அப்படிப்பட்ட குவியலுக்குத்தான் மொரைன் என்று பேர். உண்மையில் அது பெரும்பாலும் பக்கத்து மலை இடிந்து விழுந்த கல் என்கிறார்கள். பேர் நின்றுவிட்டது.

அந்தக் குவியலில் ஏறித்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். படிக்கட்டு உண்டு, ஏறக் கால்மணி நேரம் போதும். 1969இலும் 1979இலும் வந்த கனடிய இருபது டொலர் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் காட்சி இந்த ஏரிதான். வழிகாட்டி பழைய நோட்டு ஒன்றைப் பத்திரமாகப் பிளாஸ்டிக்கில் வைத்திருந்தார். மேலே ஏறி அதை உயர்த்திப் பிடித்துச் சிகரத்தோடு சிகரம் பொருத்திக் காட்டினார். எழுபத்திரண்டு வயது அம்மா, முழங்கால் தைலத்தோடு பயணம் செய்கிறவர், எல்லாப் படியும் ஏறினார். நடுவில் ஒரு இடத்தில் இருந்தபோது கல்லிடுக்கிலிருந்து கோடு போட்ட ஒரு குட்டிப் பிராணி வந்து அத்தானின் பையைப் பார்த்து நின்றது. "இராமர் தடவின ஆள் இஞ்சையும் வந்திட்டார்" என்றார் அம்மா. நிலாவரைக் கிணறு இராமர் அம்பு விட்டுத் தோன்றியதென்று நம்புகிறவருக்கு அது பெரிய தூரமில்லை. புட்டு கொடுக்கவில்லை. 25,000 டொலர்.

கீழே இறங்கித் தண்ணீர் ஓரத்துக்குப் போனோம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்தார். அவ்வளவு குளிரை எதிர்பார்க்கவில்லை. "ஐயோ முருகா" என்ற சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு காலடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கல், சாம்பல் நிறத்தில் ஒரு வெள்ளைக் கோட்டோடு. கீரிமலையில் குளித்தாலும் ஒரு கல் எடுத்து வருவது அம்மாவின் வழக்கம். அத்தான் அப்போதுதான் எங்களைப் படம் எடுத்தார்.

வானில் ஏறும்போது வழிகாட்டி ஆட்களை எண்ணினார். அம்மாவின் கையைக் கண்டார். மிகவும் மரியாதையாக, தேசியப் பூங்காவிலிருந்து கல், பூ, கொம்பு எதுவும் எடுத்துப்போகக்கூடாது என்று சொன்னார். நான் மொழிபெயர்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. அம்மா இறங்கி, ஏரிக்கரை வரை திரும்ப நடந்து, எடுத்த இடத்திலேயே கல்லை வைத்துவிட்டு வந்தார். ஏழு நிமிடம் போயிற்று. வானில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் பான்ஃப் பட்டணத்தில் நிறுத்திப் புட்டைச் சாப்பிட்டோம். அம்மா அரைவாசி சாப்பிட்டார்.

இப்போது எங்கள் ஒழுங்கையில் அந்த ஏரி நாலு வீடுகளில் இருக்கிறது. அக்கா பெரிதாக அச்சடித்து அனுப்பிய படத்தை ஹோலில் மாட்டியிருக்கிறோம். வந்துபோகிறவர்கள் மலையைப் பார்க்கிறார்கள், தண்ணீரின் நிறத்தை நம்பாமல் கிட்டப் போய்ப் பார்க்கிறார்கள், குடிக்கலாமோ என்று கேட்கிறார்கள். நீலம் போட்ட வாளிக் கதையை அம்மா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்கிறார். அதன் பிறகு படத்தில் தன் வலது கையைக் காட்டுவார். எல்லோரும் கையைத் தொங்கவிட்டு நிற்க, அம்மாவின் கை மட்டும் பொத்தியிருக்கும்.

"உதுக்குள்ளதான் கிடக்கு" என்பார். "மலையே உடைஞ்சு விழுந்து கல்லாக் கிடக்கு. ஒரு கல்லு. எண்ணியே வைச்சிருக்கினம்?"