காத்மாண்டுவுக்கு மூன்று நாட்களாவது ஒதுக்குங்கள்

கொழும்பிலிருந்து நேபாளத்துக்கு யாத்திரை போகிறவர்களில் பலர் முக்திநாத்தையே மனதில் வைத்துப் புறப்படுவதால், காத்மாண்டு அவர்களுக்கு ஓர் இரவு படுத்தெழும்பும் இடமாகவே முடிந்துவிடுகிறது. சென்ற ஐப்பசியில் அம்மாவையும் மாமியையும் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பள்ளத்தாக்கில் நான்கு நாட்கள் தங்கி வந்த எனக்கு, அது பெரிய இழப்பு என்றே படுகிறது.

வயதானவர்களுக்கு உயரம் ஒத்துக்கொள்ளுமா என்று வெள்ளவத்தையில் பலரும் கேட்டார்கள். காத்மாண்டு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில், சுற்றிலும் மலைகள் சூழ அமைந்த நகரம். நமது நுவரெலியா அதைவிட உயரமானது. மூச்சுத்திணறலைப் பற்றி யோசிக்க வேண்டியது 3,700 மீற்றருக்கு மேலே இருக்கும் முக்திநாத்துக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் வானம் தெளிவாக இருக்கும். ஆனி முதல் புரட்டாதி வரை மழைக்காலம். மாசியிலிருந்து சித்திரை வரை தூசியும் புகையும் பள்ளத்தாக்கில் தேங்கி நிற்பதால், இழுப்பு உள்ளவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

சார்க் நாட்டவர் என்பதால், ஆண்டின் முதற்பயணத்தில் 30 நாட்களுக்கான விசா நமக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அரண்மனைச் சதுக்கங்களின் நுழைவுச்சீட்டுக்கும் சார்க் நாட்டவருக்கென்று குறைந்த விலை உண்டு. ஆனால் நாமே கேட்டு, கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். இலங்கை ரூபாயை அங்கே மாற்ற முடியும் என்று நம்பிப் போகாமல், அமெரிக்க டொலராகக் கொண்டுபோங்கள். டெல்லி வழியாகப் பறப்பவர்கள் விமானத்தின் இடப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்கினால், வானம் தெளிந்த நாளில் பனிமலைத் தொடர் நெடுநேரம் கூடவே வரும். இறங்கியதும் கைக்கடிகாரத்தைக் கால் மணிநேரம் முன்தள்ளி வையுங்கள். அங்கே வார விடுமுறை சனிக்கிழமை என்பதால், வங்கி, அலுவலக வேலைகளை அந்நாளுக்கு வைக்காதீர்கள்.

விமான நிலைய வாசலில் மீற்றர் போட மறுத்த ஒரு டாக்ஸிக்காரர், பொதிகளை ஏற்றிய பிறகு சொன்ன தொகையை விடுதியில் விசாரித்தபோது, அது வழக்கமானதைப் போல இரண்டு மடங்கு என்று தெரிந்தது. மறுநாள் முதல் கைப்பேசியில் பத்தாவ் செயலி வழியாகவே வண்டி பிடித்தோம். மரக்கறிச் சாப்பாட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உணவுப் பட்டியலில் 'பஃப்' என்று எழுதியிருந்தால் அது எருமை இறைச்சி. மோமோ என்ற கொழுக்கட்டையைக் கேட்கும்போது 'வெஜ்' என்று அழுத்திச் சொல்லுங்கள். பருப்பும் சோறும் கீரையுமாக வரும் தால் பாத் நம் வயிற்றுக்கு எந்தக் குறையும் வைக்காது. குழாய்த் தண்ணீரை மட்டும் குடிக்க வேண்டாம்.

பசுபதிநாதர் கோயிலுக்கு அதிகாலையிலேயே போய்விடுங்கள். மூலக்கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி; தோல் இடுப்புப்பட்டி, தோற்பை எதையும் உள்ளே கொண்டுசெல்ல முடியாது, படம் எடுக்கவும் கூடாது. நான்கு திசைக்கும் நான்கு வாசல்கள்; லிங்கத்தின் முகம் ஒவ்வொன்றும் ஒரு வாசலைப் பார்த்திருக்க, கொச்சிக்கடைச் சிவன் கோயிலில் ஒரே சந்நிதி முன் நின்று பழகிய அம்மா, எந்த வாசலில் நின்று கும்பிடுவது என்று தெரியாமல் நான்கையும் இரண்டு முறை சுற்றினார். பூசை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து வருகிறவர்கள். கீழே பாக்மதிக் கரையில் சிதைகள் எரிந்துகொண்டிருக்கும். அந்தக் குடும்பங்களை நோக்கி எவரும் கைப்பேசியை நீட்ட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி இரவை அதே பள்ளத்தாக்கிலுள்ள பக்தபூரில் வைத்துக்கொள்ளுங்கள். காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் மூன்றும் கோர்க்கா மன்னர் பிருதிவி நாராயண் ஷா கைப்பற்றும்வரை தனித்தனி அரசுகளாக இருந்தவை; அவற்றில் பழைய செங்கல் தெருக்களும் மரச்செதுக்கல் ஜன்னல்களும் மனதை அதிகம் நிறைப்பது பக்தபூரில்தான். 1702இல் எழுந்த ஐந்தடுக்கு நியாதபோலக் கோயில் 1934இன் பூகம்பத்தையும், 2015 ஏப்ரல் 25ஆம் திகதியின் பூகம்பத்தையும் தாங்கி நிற்கிறது. அதன் படிக்கட்டின் இருமருங்கிலும் கீழே மல்யுத்த வீரர்கள், அவர்களுக்கு மேலே யானைகள், பிறகு சிங்கங்கள் எனச் சோடி சோடியாக நிற்பவை, ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ளதைவிடப் பத்து மடங்கு வலிமை கொண்டவையாம்.

பகலில் வந்தவர்கள் வண்டியேறிப் போன பிறகு சதுக்கம் ஊர்க்காரரின் கைக்குத் திரும்புகிறது. அந்த நேரத்தில் சிறிய கடையொன்றில் ஜுஜு தௌ வாங்கினோம். எருமைப்பாலில் உறையவைத்து மண்சட்டியில் தரும் அந்தத் தயிரைப் பார்த்ததும், காலி வீதியில் அடுக்கி விற்கும் நம்முடைய தயிர்ச்சட்டி போலவே இருக்கிறதே என்று மாமி வியந்து, சட்டியைச் சரித்தும் பார்த்தார். தயிர் அசையவில்லை. வாயில் வைத்தபோது ஏலக்காய் மணத்தோடு தானாகவே இனித்தது. கித்துள் பாணி தேவைப்படவில்லை.