திறனாய்வுத் தேர்வில் தேறியவர்கள் இப்போது எங்கே?

அரசுப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்தால் பாடத்தோடு இன்னொரு பொறுப்பும் தானாக வந்து சேரும்: திறனாய்வுத் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வது. எட்டாம் வகுப்பில் மத்திய அரசு உதவித்தொகைக்கான என்எம்எம்எஸ், ஒன்பதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. முதல் தேர்வில் தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாதம் ரூ.1,000 வரும், தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். ஊரகத் தேர்வில் மாவட்டத்துக்கு 50 மாணவர்கள், 50 மாணவிகள். அதில் கிடைப்பது ஆண்டுக்கு ரூ.1,000 என்றாலும், எங்கள் தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்களில் அந்தப் பட்டியலில் பெயர் வருவது பெரிய விஷயம். ஊர் முகப்பில் ஃபிளெக்ஸ் வைத்துவிடுவார்கள்.

ஃபிளெக்ஸ் கிழிந்த பிறகு அந்தப் பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்த வருடம் எத்தனை பேர் தேறினார்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்பார்கள். பத்து வருடத்துக்கு முன் தேறியவர் இன்று என்ன வேலை பார்க்கிறார் என்று ஒரு படிவமும் கேட்டதில்லை. எனக்கு மட்டும் அது மனசை விட்டுப் போகவில்லை. திருமணங்களிலும் பேருந்து நிலையத்திலும் பழைய மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் விசாரித்து வைத்துக்கொள்வேன்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு பொறியியல் படித்து பெங்களூரில் மென்பொருள் வேலைக்குப் போன பையன் இருக்கிறான். குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளர் ஆனவர்கள் சிலர். காவல்துறையில் இருவர். ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் இவர்கள் எல்லாரையும்விட அதிகம். நான் விசாரித்தவரை ஆராய்ச்சிப் பக்கம் போனவர் ஒருவரும் இல்லை. குரூப் 4 வேலையோடு நின்றுவிட்டார்களே என்று சக ஆசிரியர்கள் குறைப்படுவார்கள். எனக்கு அந்தக் குறை கிடையாது. வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு, ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்துவிட்டு வருகிறேன் என்று சொல்லும் வசதி இல்லை.

திருப்பூரில் இருக்கும் ஒருவனைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் 2, 6, 12, 20, 30 என்று எழுதி அடுத்த எண் என்ன என்று கேட்டால் மற்றவர்கள் வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்து 42 என்பார்கள். இவன் எழுந்து, "ஒண்ணு ரெண்டு, ரெண்டு மூணு, மூணு நாலுன்னு பெருக்கிட்டே போகுது டீச்சர். நூறாவது எண் வேணும்னாலும் சொல்லலாம்" என்றான். 10,100 என்று அப்போதே சொல்லியும்விட்டான். ஊரகத் தேர்வில் சுலபமாகத் தேறினான். பன்னிரண்டில் நல்ல மதிப்பெண். அந்தக் கோடையில் அக்கா கல்யாணக் கடனை அடைக்க, சித்தப்பாவோடு திருப்பூருக்கு நிட்டிங் வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

போன வருடம் உறவினர் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பூர் போனபோது அவன் வேலை செய்யும் இடத்துக்குக் கூட்டிப்போனான். டயா, அதாவது விட்டம், 24 அங்குலம், கேஜ் 24 என்ற வட்டப் பின்னல் மெஷின். "இதுல எத்தனை ஊசி இருக்கும் சொல்லுங்க டீச்சர்?" என்று என்னையே கேட்டான். கேஜ் என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்ற கணக்கு. சுற்றளவை 24 ஆல் பெருக்கினால் சுமார் 1,810. துணியிலிருந்து ஒரு சுற்று நூலை மட்டும் பிரித்து எடுத்து, அளந்து, அந்த ஊசிக் கணக்கால் வகுத்து ஒரு லூப்பின், அதாவது ஓர் ஊசி போடும் நூல் வளையத்தின், நீளத்தைச் சொன்னான். லூப் நீண்டால் துணி இலேசாகும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். அப்புறம் ஜிஎஸ்எம் கட்டரை வைத்து ஒரு வட்டம் வெட்டி, சிறிய தராசில் வைத்தான். அந்த வட்டம் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் என்பதால், 1.8 கிராம் காட்டினால் துணி 180 ஜிஎஸ்எம்.

இதெல்லாம் அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவனுடையது ஒரு நீள நோட்டு. எந்த கவுண்ட் (நூலின் மென்மைக் கணக்கு) நூல், என்ன லூப் நீளம், மெஷினிலிருந்து வரும்போது என்ன எடை, சாயப்பட்டறைக்கும், துணியை முன்கூட்டியே சுருக்கும் காம்பாக்டிங்குக்கும் போய்வந்த பிறகு என்ன எடை என்று லாட் வாரியாகக் குறித்திருக்கிறான். அதை வைத்து, சாயத்துக்குப் போகும் முன்பே எந்த லாட் எடை குறையும் என்று சொல்லிவிடுகிறான். சாயம் போட்ட பிறகு தெரிந்தால் மொத்தத் துணியும் நஷ்டம். முதலாளி இவனைக் கேட்காமல் மெஷினில் கை வைப்பதில்லை. பதவி மட்டும் இன்னும் ஆபரேட்டர்தான். டிப்ளமோ இல்லாமல் மேலே ஏற்ற முடியாதாம்.

அவனுடைய திறமை எங்கும் போய்விடவில்லை, தினமும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு உரிய பெயரும் சம்பளமும்தான் வந்து சேரவில்லை. எங்கள் பிள்ளைகள் விஷயத்தில் திரும்பத் திரும்ப நான் பார்ப்பது இதைத்தான்.

தேர்வில் தேறியவர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரித்தவர்களும் உண்டு. 1921-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லூயிஸ் டெர்மன், கலிஃபோர்னியாவில் நுண்ணறிவுச் சோதனையில் மிக உயர்ந்த பிள்ளைகள் 1,500 பேருக்குமேல் தேர்ந்தெடுத்துப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். அவர் சோதித்துவிட்டு வேண்டாம் என்று விட்ட வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் இருவரும் பின்னாளில் நோபல் வாங்கினார்கள் என்ற கதையைப் பலரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தேர்ந்தெடுத்த ஆண்களிலேயே நன்றாக முன்னேறியவர்களையும் பின்தங்கியவர்களையும் பிரித்து ஒப்பிட்டபோது, நுண்ணறிவு மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. விடாமுயற்சியிலும் தன்னம்பிக்கையிலும் வித்தியாசம் இருந்தது. வீட்டிலும் இருந்தது: முன்னேறியவர்களின் தந்தையர் கூடுதலாகப் படித்தவர்கள். பெண்களில் பலர் வேலைக்கே போகவில்லை.

அந்தக் கடைசி விஷயம் இங்கே இன்றும் மாறவில்லை. தேர்வுப் பட்டியலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிபாதி இடம் உண்டு. வேலைக்குப் போனவர்கள் கணக்கைப் பார்த்தால் அந்தச் சரிபாதி காணோம். என் மாணவிகளிலேயே கணக்கில் மிகக் கெட்டிக்காரி, பேருந்து நேரத்துக்கு ஒத்துவரும் என்பதற்காகவே பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தாள். கல்யாணம், குழந்தை, பி.எட்., இப்போது ஒரு தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளம். இரவில் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுக்குப் படிக்கிறாள். அவள் அதில் தேறுவாள். ஆனால் இதை எட்டுவதற்கு இத்தனை வருடம் ஆகியிருக்க வேண்டாம்.

மத்திய அரசு 1963-இல் டெல்லியில் பத்து உதவித்தொகைகளோடு தொடங்கி, மறுவருடமே 350 ஆக்கி நாடு முழுக்க விரித்த அறிவியல் திறனறித் திட்டம், பள்ளி முடித்தவர்களை எடுத்து முனைவர் பட்டம் வரைக்கும் பணம் கொடுத்தது. அடிப்படை அறிவியல் படிப்பவருக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு 1976-இல்தான் தளர்ந்தது. அந்தத் திட்டத்துக்குத் தன் பிள்ளைகள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற நினைப்பு இருந்தது. எங்கள் இரண்டு தேர்வுகளின் பணமும் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. திருப்பூர்க்காரன் நின்ற இடமும் அதுதான்.

இப்போது கொஞ்சம் மாறிவருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2023-இல் வந்த முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வில் தேறியவர்களுக்கு இளநிலைப் பட்டம் முடியும்வரை ஆண்டுக்கு ரூ.10,000 கிடைக்கிறது. கல்லூரி போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000. பன்னிரண்டு முடித்துவிட்டு எங்கும் சேராதவர்களைத் தேடிப் பிடிக்க 'உயர்வுக்குப் படி' முகாம் நடக்கிறது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போன் செய்வது எங்கள் பள்ளியிலும் நடக்கிறது. எடுத்தவுடன் அப்பாக்கள் கேட்பது, "படிச்சா வேலை கிடைக்குமா டீச்சர்?" என்றுதான். அவர்களுக்குக் கல்லூரியின் பெயரையும் கட்டணத்தையும் சொன்னால் மட்டும் போதாது. அதே படிப்பைப் படித்து வேலையில் இருக்கும் நம் ஊர்ப் பெண்ணின் எண்ணைக் கொடுத்தால் பேச்சே மாறிவிடுகிறது. ஊரிலேயே முன்மாதிரி இருக்கும்போது அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது பள்ளிதான். திறனாய்வில் தேறிய ஒவ்வொருவரையும் பள்ளி முடித்து ஐந்து, பத்து வருடம் கழித்தாவது ஒருமுறை விசாரித்து எழுதிவைக்கத் துறையே ஒரு பதிவேடு தர வேண்டும் என்று தலைமையாசிரியர் கூட்டத்தில் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

திருப்பூர்க்காரனிடம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம் சேர்வதைப் பற்றிச் சொன்னேன். "இந்த வயசுலயா டீச்சர்?" என்றான். அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம் என்றேன். மாற்றுச் சான்றிதழ் தொலைந்துபோனதாம், நகலுக்கு மனு எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.