கும்பகோணம் சுற்றில் அம்பாள் உலோகத் திருமேனிகள்: தரிசனமும் பட்டறையும் வீட்டுப் பூஜையும்

கும்பகோணத்துக்கு அம்மன் தரிசனம் என்று கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் திரும்பும்போது பையில் ஒரு விக்ரகத்தோடுதான் வருகிறார்கள். எந்த அம்பாள், எந்த உலோகம் என்று தெரியாமல் வாங்கிவிட்டு, ஆறு மாதத்தில் அது கறுத்துப்போச்சு, பச்சை பூத்துப்போச்சு என்று வருந்துவதுதான் அதிகம். கையைப் பார்த்துத் தேவியை அடையாளம் காண வேண்டும். உலோகத்தைப் பார்த்து உபசாரத்தை முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டையும் ஒரே சுற்றில் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் நேரக் கணக்கு. இந்த வட்டாரத்தில் பெரும்பாலான கோயில்களில் பகல் 12 மணி சுமாருக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை 4 ஆகிவிடும். பட்டறைகளில் வேலை மும்முரமாக நடப்பது பகலில். ஆகவே காலையில் கோயில், நடை சாத்திய பிறகு பட்டறை, மாலையில் மறுபடி கோயில் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் வீணாகாது.

காலையில் நாச்சியார்கோயில். கும்பகோணத்திலிருந்து திருவாரூர் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர். திருமங்கையாழ்வார் பாடிய திருநறையூர் இதுதான். இங்கே வஞ்சுளவல்லித் தாயாருக்குத்தான் முதலிடம். புறப்பாட்டிலும் தாயார் அன்ன வாகனத்தில் முன்னே போக, பெருமாள் கல் கருடன் மேல் பின்னே வருவார். மார்கழியிலும் பங்குனியிலும் நடக்கும் கல் கருட சேவையில், சன்னிதியிலிருந்து வெளியே வர வர கருடனின் கனம் கூடும், அதற்கேற்பத் தூக்குகிறவர்கள் நாலு, எட்டு, பதினாறு என்று பெருகுவார்கள் என்பது ஐதீகம். கூட்டம் தாங்கும் என்றால் அன்றைக்குப் போகலாம். நின்று நிதானமாகச் சேவிக்க வேண்டுமானால் சாதாரண நாளே மேல். குத்துவிளக்குக்குப் பேர்போன ஊரும் இதுவே. பித்தளை வார்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கண்ணைப் பழக்க விளக்குக் கடைகள் நல்ல இடம்: திருகாணி ஆடாமல் பொருந்துகிறதா, கடைசல் கோடு ஒரே சீராக ஓடுகிறதா என்று பாருங்கள்.

கோயில் உற்சவரைப் பார்த்துக் கையமைதியைக் கற்க முடியாது. பட்டும் மாலையும் கவசமுமாக முகம் மட்டும்தான் தெரியும். அதற்குத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம் போக வேண்டும். 1951-இல் தொடங்கிய அந்தக் கூடத்தில், திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்த ரிஷபவாகனரும் (காளை வாகனச் சிவன்) அம்மையும் அருகருகே நிற்கிறார்கள். சுவாமி 1011-லும் அம்மை அடுத்த ஆண்டிலும் செய்யப்பட்ட திருமேனிகள். அம்மையின் வலக்கையைக் கவனியுங்கள். விரல்கள் வளைந்து நடுவே வெற்றிடம். அது கடக முத்திரை. அன்றாடம் புதுப் பூ செருகத்தான் அந்த இடைவெளி. இடக்கை பசுவின் வால் போலத் தளர்ந்து தொங்குவது லோல ஹஸ்தம். உடம்பு மூன்று இடத்தில் ஒசிந்து நிற்பது திரிபங்கம். இந்த மூன்றும் சேர்ந்து, இரண்டே கையுடன், தலையில் அடுக்கடுக்கான கரண்ட மகுடம் இருந்தால் பெரும்பாலும் சிவகாமியோ உமையோதான்.

பெருமாள் பக்கத்துத் தேவியர் இருவரைப் பிரிப்பதில்தான் பலரும் தடுமாறுவார்கள். பெருமாளின் வலப்புறம் நிற்பவள் ஸ்ரீதேவி: மார்பில் கச்சு உண்டு, இடக்கையில் தாமரை. இடப்புறம் பூதேவி: கச்சு இல்லை, வலக்கையில் நீலோற்பலம், அதாவது நீலக் குவளை. தனியாக வாங்கும்போது கச்சு ஒன்றே போதும், ஆள் தெரிந்துவிடும். பத்மாசனத்தில் அமர்ந்து பாசம், அங்குசம், கரும்பு வில், மலர் அம்பு ஏந்தினால் காமாட்சி. கரண்டியும் பாத்திரமும் என்றால் அன்னபூரணி. சங்கும் சக்கரமும் ஏந்தி எருமைத்தலை மேல் நின்றால் துர்க்கை. ஜ்வாலை எழும் தலை, உடுக்கை, திரிசூலம், கபாலம் என்றால் மாரியம்மன். கடைக்காரர் எதையும் "லக்ஷ்மிதாங்க" என்று சொல்லி விற்றுவிடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்பவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள்.

தஞ்சை வரை வந்த பிறகு மேல வீதி பங்காரு காமாட்சியைத் தரிசிக்காமல் போகக் கூடாது. காஞ்சியிலிருந்து படையெடுப்புக்கு அஞ்சிக் கொண்டுவரப்பட்ட தங்கத் திருமேனி. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகளின் குடும்பம் பூஜித்த தெய்வம். ஆனால் சன்னிதியில் தங்க நிறத்தைத் தேடாதீர்கள். புனுகு சாத்திச் சாத்தி முகம் கரியதாகத் தெரியும். உலோகம் பளபளத்தால்தான் பூஜை நன்றாக நடக்கிறது என்று நினைப்பவர்கள் இங்கே சற்று நேரம் நிற்கலாம்.

சுவாமிமலை, கும்பகோணத்துக்கு மேற்கே ஐந்தாறு கிலோமீட்டர். முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்று. அறுபது தமிழ் வருஷங்களைக் குறிக்கும் அறுபது படி ஏறி சுவாமிநாதனை வணங்கிவிட்டுப் பட்டறைப் பக்கம் வரலாம். ஸ்தபதிகள் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்குக் கிழித்து, மடித்து மடித்து அளவு குறிப்பார்கள். தேவியருக்கு மத்திம தசதாலம், அதாவது உயரத்தை 120 பங்காக்கும் அளவு. பிரதான ஆண் தெய்வங்களுக்கு 124. பிறகு தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் உருக்கிக் கலந்து கரு, அதாவது மெழுகு உருவம், பிடிப்பார்கள். குங்கிலியம் குறைந்தால் வெயிலில் விரல் குழைந்துவிடும். கூடினால் மெழுகு நொறுங்கும்.

கருவின் மேல் முதல் பூச்சு காவிரி வண்டல் மண். நகையின் அரும்பு வரை உலோகத்தில் பதிவது இந்த மெல்லிய முதல் பூச்சால்தான். மேலே வயல் மண்ணும் மணலும் கலந்த கனத்த பூச்சுகள், பெரிய சிலைக்கு இரும்புக் கம்பிக் கட்டு. நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் மண் வெடிக்கும், வெடித்த கோட்டில் உலோகம் கசிந்து பிசிறாக நிற்கும். வறட்டி நெருப்பில் சூடேற்றி மெழுகை வெளியேற்றிய பின், உருக்கிய உலோகத்தை இடைவிடாமல் ஒரே தாரையாக ஊற்றுவார்கள். நடுவில் நின்றால் அந்த இடத்தில் ஒட்டாத கோடு விழும். அச்சில் ஈரம் இருந்தால் ஆவி கிளம்பிப் பொத்தல் பொத்தலாகும். மெழுகு ஒரு கிலோ என்றால் உலோகம் கிட்டத்தட்ட ஒன்பது கிலோ வேண்டும். உள்ளே பொள்ளல் இல்லாத கட்டி வார்ப்பு ஏன் விலை கூடுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

பஞ்சலோகம் என்று இங்கே வார்ப்பது பெரும்பாலும் செம்பு. கூடப் பித்தளை, ஈயம், பெயருக்கு வெள்ளியும் தங்கமும். வேண்டியவர்கள் தம் வீட்டுப் பொன் துளியை வார்ப்பின்போது உலோகம் உருக்கும் மூசையில் போடுவதுண்டு. அதற்கு நாள் கேட்டு முன்பே சொல்லி வைக்க வேண்டும். கடைத்தெருவில் தகதகவென்று மஞ்சளாக மின்னும் சிலைகளில் பல, அலிகார், மொராதாபாத் பக்கத்திலிருந்து வரும் பித்தளை. அதில் தோஷம் ஒன்றுமில்லை, பஞ்சலோக விலை கொடுக்காதவரை. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, விட்டுவிடுங்கள். தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்: உள்ளே பொள்ளலா கட்டியா, முதுகிலும் பீடத்திலும் பொத்தலுக்கு அடைப்பு வைத்திருக்கிறதா என்பது தெரியும். கண்ணும் நகமும் உளியால் செதுக்கியதா, அச்சிலேயே மழுங்கி வந்ததா என்பதை விரலால் தடவினாலே போதும். வீட்டுக்குக் கட்டைவிரல் கணு அளவிலிருந்து ஒரு சாண் வரைதான் என்பது மத்ஸ்ய புராணம் சொல்லும் வரம்பு.

இனி அபிஷேகம். நல்லெண்ணெய், அரிசி மாவு, மஞ்சள், பால், தயிர், தேன், இளநீர், சந்தனம் என்பது வழக்கமான வரிசை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் விடுங்கள். தயிரும் பஞ்சாமிர்தமும் புளிப்பு, இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் நிற்க விடாதீர்கள். பித்தளையைப் புளியில் ஊறப்போட்டால் துத்தநாகம் கரைந்து, செம்பு மேலே வந்து திட்டுத் திட்டாகச் சிவக்கும். அதைத் தேய்த்து எடுப்பது லேசல்ல. இளநீரின் உப்பும் போர்வெல் தண்ணீரின் உப்பும் மடிப்புகளில் தங்கினால் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். துடைத்தபின் மறுபடி பூத்தால் உப்பு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். காய்ச்சி வடித்த நீரில் பலமுறை ஊறவைத்து மாற்றி, முழுக்க உலர்த்த வேண்டும். மெல்லிய கரும்பழுப்புப் படலம் அப்படியல்ல, அதைச் சீண்ட வேண்டாம்.

கடைப் பித்தளைக்கு மேலே வார்னிஷ் பூசியிருக்கும். அதோடு அபிஷேகம் செய்தால் பால் அடியில் புகுந்து கறை பிடிக்கும். பஞ்சில் தின்னர் தொட்டு முதலிலேயே எடுத்துவிடுங்கள், அல்லது அபிஷேகமே இல்லாமல் அர்ச்சனையோடு வைத்துக்கொள்ளுங்கள். பீதாம்பரிப் பொடி வெறும் பித்தளைக்குச் சரி. பஞ்சலோகத்தை வாராவாரம் அதால் தேய்த்தால் சில வருஷத்தில் அம்பாளின் மூக்கும் கண்ணிமையும் மழுங்கிவிடும். சீயக்காயும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். வெள்ளிக்கிழமை குங்கும அர்ச்சனையைப் பாதத்தடியில் ஒரு தட்டில் செய்வது நல்லது. மடிப்பில் ஈரத்தோடு தங்கிய குங்குமம் இறுகிவிட்டால் ஊசியால் நோண்ட வேண்டிவரும், கீறலும் விழும்.

மந்திரத்தால் விக்ரகத்துக்கு உயிரேற்றும் பிராணப் பிரதிஷ்டை செய்துகொள்வதா என்பதைக் குடும்பத்துச் சாஸ்திரிகளிடம் கேட்டுச் செய்யுங்கள். செய்துவிட்டால் நித்திய நைவேத்தியம் தவறக் கூடாது. அடிக்கடி ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு அது சுமை. ஊர் கொண்டுபோகும்போது சிலைக்குப் பின்னுள்ள வளைவான திருவாசியைக் கழற்றித் தனியே சுற்றுங்கள். முதலில் உடைவது கடக முத்திரையின் விரலும் பூத்தண்டும்தான். அந்த இடைவெளியில் பஞ்சை அடைத்து, பருத்தித் துணியில் சுற்றி, படுக்க வைக்காமல் நிற்க வைத்தே எடுத்துப் போங்கள்.