உறைபனி பிழிந்து தந்த நீலம்

மார்கழி பிறந்த வாரம். ஊட்டி பக்கம் தலைக்குந்தாவில் கேரட் கழுவும் தொட்டியின் விளிம்பில் கரும்பச்சையாக ஒரு வழுக்கல் படிந்திருந்தது. வழக்கமாக நாரால் தேய்த்துக் கொட்டிவிடுவோம். இந்த முறை கையுறை போட்டு (இப்படிப்பட்ட வழுக்கலில் சில வகை நஞ்சு சுரக்கும்) கரண்டியால் வழித்தெடுத்தேன்.

ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியில் 140 மடங்கில் பார்த்தால் கிளையே இல்லாத மெல்லிய இழைகள். நுனிகள் இப்படியும் அப்படியும் மெதுவாக ஆடின. அந்த ஆட்டத்தால்தான் ஆசிலட்டோரியா என்று பெயர். நீலப்பச்சைப் பாசி என்கிறோம், ஆனால் செல்லுக்குள் உட்கரு கிடையாது; இது பாக்டீரியா இனம்.

எனக்கு வேண்டியது அதன் நீலம். பச்சையம் தண்ணீரில் கரையாது, ஃபைகோசயனின் என்ற நீல நிறமி கரையும். செல் உடைந்தால் போதும், நீலம் தனியே வந்துவிடும்.

முதல் முயற்சி பாழ். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்போரம் வைத்தேன். ஊறவைத்தபோது மங்கலான பழுப்புதான் வந்தது. அந்த நிறமி புரதத்தோடு பிணைந்தது, சூடு தாங்காது. ஒரு வாரம் சேர்த்த வழுக்கல் போனதில் மனசு கஷ்டமாக இருந்தது.

அப்புறம்தான் பனி ஞாபகம் வந்தது. உறையும்போது பனிப்படிகம் செல்லைக் கிழிக்கும். தை முதல் வாரம் புதிதாக வழித்ததைக் கொஞ்சம் தண்ணீரோடு எவர்சில்வர் தட்டில் பரப்பி, ராத்திரி புல்வெளியில் வைத்தேன். முதல் நாள் மேகமூட்டம், உறையவில்லை. அடுத்த மூன்று இரவும் வானம் தெளிந்திருந்தது. புல்லெல்லாம் வெள்ளை, தட்டில் கண்ணாடி மாதிரி ஐஸ். பகலில் நிழலில் உருகவிட்டு ராத்திரி மறுபடி வெளியே.

நான்காம் காலை பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். நீலம்! சங்குப்பூ நிறம். வெயிலை எனக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் அதே நீரில் ஒரு சிவப்புச் சாயை. வாங்கிய ஒளியைச் சிவப்பாகத் திருப்பி உமிழ்கிறது.

"தொட்டி வழுக்கலாடா இது?" என்று அம்மா பாட்டிலைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலில் வைத்தது சில நாளில் வெளுத்தது. கருப்புத் தாள் சுற்றியது இன்னும் நீலமாகவே இருக்கிறது.

தூத்துக்குடிச் சித்தப்பாவிடம் உப்பளத் தரையில் படியும் பச்சைப் படலம் கேட்டிருக்கிறேன். அடர்ந்த உப்புநீர் எங்கள் பனிக்கு உறையாது. நல்ல தண்ணீரில் அலசித்தான் தட்டில் பரப்ப வேண்டும்.