ஊசி போட்ட தேதி

எங்கள் ஆய்வகத்தில் குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது. குழாயின் மேல் ஒட்டிய எண் மட்டும்தான். மைனஸ் 80 டிகிரி குளிர்பெட்டியிலிருந்து டிஎன்ஏ மாதிரிகளை எடுத்து, எந்த மரபணுவில் எந்த எழுத்து பிசகியிருக்கிறது என்று தேடுவது என் வேலை. குழந்தைகளின் வலிப்பு நோயைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறேன், ஒரு வலிப்பைக்கூட நேரில் பார்க்காமல்.

முன்பு விடை கிடைக்காமல் ஒதுக்கிய மாதிரிகளை ஒருமுறை புதிய முறையில் மறுபடி ஓட்டினோம். ஒன்றில் எஸ்சிஎன்1ஏ மரபணுவில் பிழை. டிராவே நோய்க்குறி. பையனுக்கு அப்போது பதினோரு வயது.

ஷார்லட் டிராவே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1978இல் தனி நோயாகப் பிரித்துக் காட்டியது இது. ஒரு வயதுக்குள், பெரும்பாலும் காய்ச்சலோடு, முதல் வலிப்பு வரும். லேசில் நிற்காது. சில சமயம் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். அதுவரை குழந்தை எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் வளர்ந்திருக்கும். ஆரம்பத்தில் எடுக்கும் ஸ்கேனும், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜியும் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். பெற்றோரைக் குழப்புவது அதுதான்.

அந்த மரபணு, நரம்புச் செல்லில் சோடியம் நுழையும் வாயில் ஒன்றைக் கட்டுகிறது. அந்த வாயிலை அதிகம் நம்பியிருப்பவை, மற்ற செல்களை அடக்கி வைக்கும் செல்கள். அவை தளர்ந்தால் மூளைக்குப் பிரேக் பிடிக்காது. கார்பமசெபைன் பல வகை வலிப்புகளுக்கு நல்ல மாத்திரை. ஆனால் அது வேலை செய்வதே சோடியம் வாயிலை அடைத்துத்தான். இந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் மிச்சமிருக்கும் பிரேக்கும் போய்விடும்.

பையனின் கோப்பைப் புரட்டினேன். ஆறு ஆண்டுகளாக அதே மாத்திரை. மருந்தின் அளவு ஏற ஏற வலிப்பும் ஏறியிருந்தது. எழுதிக்கொடுத்தவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நாட்களில் பாதிக்கு மேல் அவனுடைய மாதிரி எங்கள் பெட்டியில்தான் உறைந்து கிடந்தது.

மறுசோதனையில் உறுதியான பிறகு, முடிவைச் சொல்லும் சந்திப்புக்கு என்னையும் கூப்பிட்டார்கள். தயாராகப் போனேன். எந்த மாத்திரையை மெதுவாகக் குறைத்து நிறுத்த வேண்டும், ஸ்டிரிபென்டால், கன்னாபிடியால் போன்ற மருந்துகள் என்ன செய்யும் என்று மனத்துக்குள் பாடம் படித்து வைத்திருந்தேன். ஃபென்ஃப்ளூரமைன் கதைகூட இருந்தது. உடம்பு இளைக்கக் கொடுத்து, இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997இல் விலக்கிய மருந்து, இப்போது குறைந்த அளவில், இதயத்தைக் கண்காணித்துக்கொண்டே இந்தக் குழந்தைகளுக்குத் தரப்படுகிறது. சொல்ல எனக்கே ஆசையாக இருந்தது.

அந்த அம்மா அதையெல்லாம் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பதினோரு வருட ஃபிட்ஸ் கணக்கு, தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்று. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு தேதி. தடுப்பூசி போட்ட நாள். அன்று ராத்திரி காய்ச்சல், விடியற்காலையில் முதல் இழுப்பு.

"அப்போ இந்த ஊசியால இல்லையா சார்?"

இல்லை என்றேன். தடுப்பூசிதான் மூளையைக் கெடுத்தது என்று சொல்லப்பட்ட 14 பேரை 2006இல் ஆஸ்திரேலியாவில் சோதித்தபோது, 11 பேரிடம் இதே மரபணுவில் பிழை இருந்ததைச் சொன்னேன். ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல் முதல் வலிப்பைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வரலாம். நோய் அதற்கு முன்பே இருக்கிறது. அன்று ஊசி போடாவிட்டாலும் வேறொரு காய்ச்சல் வந்திருக்கும்.

"எங்க வழியா வந்ததா?"

இருவரின் ரத்தத்தையும் பார்த்திருந்தோம். இரண்டிலும் அந்தப் பிழை இல்லை. பையன் உருவாகும்போது புதிதாக நேர்ந்தது. 2001இல் இந்த நோய்க்கு இந்த மரபணுதான் காரணம் என்று முதலில் கண்டபோது சோதித்த ஏழு குழந்தைகளிடமும் இப்படித்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அம்மா நோட்டில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு என் பக்கம் தள்ளினார்.

"இப்ப சொன்னீங்களே, ஊசியால இல்ல, எங்க வழியாவும் வரலன்னு. அதை அப்படியே எழுதிக் குடுங்க சார். கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதுங்க, எங்க மாமியாருக்குக் கண் சரியாத் தெரியாது."